அறுபத்தைந்து கிலோவைத் தேடியவள்

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை, காலை மணி 10.40. வானத்தில் முக்கால் பங்கு மேகம், மழை இல்லை. ஆடி மாதத்தின் கடைசி நாள், காற்று மட்டும் அடங்கவில்லை. அலுவலகச் சுவரில் நான் மாட்டியிருந்த வெப்பமானி 34 காட்டியது. எடைமேடையின் இரும்புத் தகடுகள் மேல் மணல் சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தபோது அவள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கையில் கணினிப் பை ஒன்று, தண்ணீர்ப் பாட்டில் ஒன்று, ரப்பர் பேண்டு போட்ட பழைய தாள் கட்டு ஒன்று. மூன்று உருப்படிகள்.

பெயரை எழுதவில்லை. "என்னப் பத்தி எங்கயாச்சும் எழுதுனா பேரு போட்றாதீங்க சார்" என்று அவளே பிற்பாடு சொன்னாள். என் மகளைவிட நான்கு வயது இளையவள் என்பதால் அவள் என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவு இல்லை.

நான் எடை அளவுத் துறையில் முப்பத்து மூன்று வருடம் ஆய்வாளராக இருந்தவன். கடைகடையாகப் போய்ப் படிக்கல்லையும் தராசையும் சோதித்து முத்திரை வைப்பது வேலை. ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் உட்கார்ந்து மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருக்கப் பிடிக்காமல், செம்பட்டி ரோட்டில் இருந்த ஒரு லாரி எடைமேடைக்கு மேலாளராகப் போனேன். முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். திண்டுக்கல் பேகம்பூரில் தோல் வியாபாரக் குடும்பம். அவள் அவருடைய அக்கா மகள். சென்னையில் பதினோரு வருடம் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, அவள் அத்தா என்று அழைக்கும் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊருக்கு வந்து, தோல் கிடங்கின் மாடியில் இருந்தபடியே அதே வேலையைச் செய்துகொண்டிருந்தாள். கிட்ட வந்தால் லேசாக உப்பு வாடை அடிக்கும். அதற்காக அவள் ஒருநாளும் கூசியதில்லை.

ஹாஜியார் அவளைக் கூப்பிட்டது ஒருவரைப் பிடித்துக் கொடுக்கத்தான்.

அவர் செபஸ்தியான். மேடையில் சீட்டு அடிப்பவர். ஒன்பது வருடமாக அந்த நாற்காலியில் இருந்தார். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து காய்கறி ஏற்றி வரும் வண்டியை மேடையில் நிறுத்தி லோடு எடை போடுவார். திண்டுக்கல் மார்க்கெட்டில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டியைக் காலி எடை போடுவார். இரண்டையும் கழித்து நிகர எடையோடு கணினி சீட்டைத் துப்பும். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் வியாபாரி விவசாயிக்குப் பணம் கொடுப்பார்.

அதற்கு முந்தைய திங்கட்கிழமை ஆத்தூர்த் தக்காளி விவசாயி கருப்பையா வந்து மேடையின் நடுவில் நின்றுகொண்டு சத்தம் போட்டார். அவருடைய மினி லாரி, எண் 4471. அன்று லோடோடு இன்னொரு எடைமேடையிலும் ஏறிவிட்டு வந்திருக்கிறார். நம் சீட்டில் 65 கிலோ குறைவு.

"ஒரு நடைக்கு அறுவத்தஞ்சு கிலோ தக்காளிய இந்த ஆளு முழுங்குறாரு. வியாபாரிகிட்ட எம்புட்டு வாங்குனீரு? சொல்லுமய்யா" என்று செபஸ்தியானைப் பார்த்துக் கேட்டார்.

செபஸ்தியான் கணினிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகத்தைத் திருப்பிக்கொள்கிறவனைப் பார்த்தால் உலகத்துக்கு உடனே எல்லாம் விளங்கிவிடும்.

நான் சோதித்தேன். இருபது கிலோ படிக்கல் ஐம்பது ஏற்றினேன். மூன்று தரம் ஏற்றி மூன்று தரம் இறக்கினேன். ஆயிரம் என்றால் ஆயிரம்தான். மேடை சுத்தம். பிறகு 4471-ஐயே மறுபடி லோடோடு வரச்சொன்னேன். எடை காட்டும் பெட்டியில் தெரிந்தது 3,480; என் கையால் குறித்துக்கொண்டேன். செபஸ்தியானை வெளியே நிறுத்திவிட்டு எல்லாப் பொத்தானையும் நானே அழுத்தினேன். வண்டி காலியாகத் திரும்பி வந்தபோது சீட்டில் லோடு எடை 3,415. செபஸ்தியான் விரல்கூட வைக்கவில்லை.

"உள்ள எதையோ பண்ணி வச்சிருக்கான் சார். ஒம்போது வருசமா அதுக்கு முன்னாலதான உக்காந்திருக்கான்" என்றார் ஹாஜியார். ஒயர் கோளாறான நேரத்தில் கையால் எடை அடிக்க ஒரு சங்கேத எண் உண்டு, அது செபஸ்தியானிடம் மட்டும் இருந்தது. அது போதும் அவருக்கு. அடுத்த புதன்கிழமை காலை போலீஸில் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். அதற்குள் அவருடைய அக்கா மகள் ஆதாரத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அவள் வந்ததும் ஹாஜியார் சீட்டைக் காட்டி, "இந்தா, இந்த இடத்துலதாம்மா குறையுது. அறுவத்தஞ்சக் கூட்டுற மாதிரி ஒன்னு போட்டுரு. அவன் கதைய நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அவள் சீட்டை வாங்கவே இல்லை. "மாமு, இது தெரியிற இடம். எழுதுன இடம் எங்க இருக்குன்னு பாப்போம்" என்றாள்.

"எடை சரியானாப் போதாதா?"

"கூட்டிப் போட்டா எடை சரியாயிரும் மாமு. செபஸ்தியான் அண்ணன் சரியாக மாட்டாரு."

வெளியே வாசலில் நின்ற செபஸ்தியானின் காதில் அது விழுந்தது. அவர் உள்ளே பார்க்காமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் இந்த ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். கோளாறு தெரிகிற இடத்தில் அவள் கை வைக்கமாட்டாள். அது கிளம்பிய இடத்தைத் தேடிப் போவாள். கணினியில் மட்டும் என்றில்லை.

அவர்களுடைய தோல் கிடங்கில் தெற்குச் சுவரில் ஈரம் கண்டது. கொத்தனார் மூன்று தடவை பூசிவிட்டுப் போனார், மூன்று தடவையும் கூலி வாங்கினார். உப்புப் போட்டு அடுக்கிய தோலில் ஈரம் பட்டால் சரக்கு வீண். நான்காவது தடவை கொத்தனார் கரண்டியோடு வந்தபோது அவள் அவரைக் கீழே உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு, துணிக்குப் போடும் சொட்டு நீலம் வாங்கிவரச் சொன்னாளாம். மொத்தம் ஆறு பாட்டில். மாடியில் தண்ணீர் போகும் இடம் ஒவ்வொன்றிலும் ஒரு நாளைக்கு ஒன்றாக ஊற்றினாள். குளியலறையில் ஊற்றினாள், சுவர் வெள்ளையாகவே இருந்தது. தொட்டியில் ஊற்றினாள், ஒன்றுமில்லை. நான்காம் நாள் வடக்கு மூலையில், மழைத்தண்ணீர்க் குழாய் தரையைத் தொடும் இடத்தில் ஊற்றினாள். மறுநாள் காலை தெற்குச் சுவர் நீலமாகியிருந்தது. வடக்கே விரிசல், தெற்கே ஈரம், நடுவில் இருபத்திரண்டு அடி. "எங்க வீட்டுச் சொவரு ரெண்டு மாசம் நீலமாத்தான் சார் இருந்துச்சு. அத்தாவுக்குக் கோவம். ஆனா தோலு நனையல" என்றாள்.

எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த நீலத்தால்தான். நானும் தராசுத் தட்டைப் பார்க்காமல் முள்ளின் அடியைப் பார்க்கிற ஆள்.

முதல் நாள் நான் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எனக்குத் தெரியாத ஒன்று என் அலுவலகத்தில் நடந்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும். அவள் அதைப் புரிந்துகொண்டு, கேட்காமலே விளக்கினாள்.

"நாங்க எழுதுறது ஒரு பாஷை சார். வரி வரியா, மனுசன் படிக்கிற மாதிரி இருக்கும். பிரவுசருக்கு அது ஆகாது. அதனால ஒரு கருவி அத வேற பாஷைக்கு மாத்தி, எடவெளி எல்லாத்தையும் எடுத்துட்டு, ஒரே வரியா அமுக்கிரும். இந்தா, இங்க ஓடுறது அதுதான்."

திரையில் காட்டினாள். ஒரே ஒரு வரி, முடிவில்லாமல் வலது பக்கம் போய்க்கொண்டே இருந்தது.

"இதுல எத்தனை எழுத்தும்மா?"

அவள் சிரிக்கவில்லை. பார்த்துச் சொன்னாள். "ரெண்டு லட்சத்துப் பதினாலாயிரத்து அறுநூத்தி முப்பத்தஞ்சு, சார்."

குறித்துக்கொண்டேன். 2,14,635.

"இதப் படிச்சு யாரும் தப்பு கண்டுபிடிக்க முடியாது. அதனால அந்தக் கருவி கூடவே ஒரு மேப்பும் குடுக்கும். அமுக்குன வரியில இத்தனாவது எழுத்து, எழுதுன தாளுல இன்ன வரின்னு. சோர்ஸ் மேப்புனு பேரு. அது இருந்தா, ஓடுறது அமுக்குனதா இருந்தாலும் நம்ம எழுதுனதுல வச்சே பாக்கலாம். எந்த வரியில வேணுமோ அங்க ஒரு நிறுத்தம் வச்சா, ஓடிவந்து அந்த வரியில நின்னுரும். அப்ப லோடு எடை எவ்வளவுன்னு கேக்கலாம். எந்த வரி வரைக்கும் 3,480, எந்த வரியில 3,415 ஆச்சுன்னு தெரிஞ்சிட்டா, முடிஞ்சது."

மென்பொருளை முதலில் எழுதிக் கொடுத்த பொறியாளர் மஸ்கட்டுக்குப் போயிருந்தார். போகும்போது எழுதிய மூலம் முழுவதையும் ஒரு பென் டிரைவில் கொடுத்துவிட்டுப் போனார். அதை என் மேசை இழுப்பறையில் உறை போட்டு, தேதி போட்டு வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அவள் முதலில் அதில் 4471 என்று தேடினாள். இல்லை. 65 என்று தேடினாள். இல்லை. ஓடுகிற வரியிலும் 4471 இல்லை. 65 என்ற எண் அந்த நீண்ட வரியில் நூற்றுக்கு மேல் இருந்தது, எது எதற்கு என்று யாருக்குத் தெரியும்?

"மூலத்துல ஒன்னுமே இல்ல. சுத்தமா எழுதியிருக்காரு" என்றாள் அவள். சொல்லிவிட்டு நிறுத்தங்களை வைக்கத் தொடங்கினாள். தான் கொண்டுவந்த தாள் கட்டில் சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றையும் குறித்தாள். தாள்கள் எல்லாம் தோல் கிடங்கின் பழைய பில்கள். வெற்றுப் பக்கத்தில் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் டீக்கடையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எடைமேடைக்கு எதிரே இருக்கும் கடை அது. டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "மாசக் கடைசியில மேடைய மூடப் போறாங்களாமே" என்றார்.

"யாருண்ணே சொன்னது?" என்றாள் அவள்.

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"எல்லாரும்னா ஒருத்தரு பேரு சொல்லுங்க."

அவர் ஒரு டிரைவரைச் சொன்னார். டிரைவர் அங்கேயே உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார். அவர் பஞ்சர் கடைக்காரரைச் சொன்னார். பஞ்சர் கடை நாற்பது அடி தூரம். கிளாஸைக் கையில் வைத்தபடியே அவள் நடந்து போய்க் கேட்டாள். அவர் வாட்ச்மேனைச் சொன்னார். வாட்ச்மேன் தலையைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"சாருதான சொன்னாரு. முந்தாநேத்து. இப்புடியே போனா மூடிட்டுப் போகவேண்டியதுதான்னு."

சொல்லியிருந்தேன். வாய் சலிப்பில் சொன்னது. என் வாயிலிருந்து கிளம்பியது நான்கு ஆளைத் தாண்டி, என் டீயிலேயே வந்து விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு இரத்த அழுத்தம் உண்டு.

சனிக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு அவள் முதல்முறையாக முகத்தைச் சுளித்தாள்.

"சார், நூத்திப் பதினெட்டாம் வரியில நிறுத்தம் வச்சேன். நூத்தி இருவத்தொன்னுல நிக்குது."

"அது என்ன வரி?"

"தேதி அச்சடிக்கிற வரி. அதுக்கும் எடைக்கும் சம்பந்தமே இல்ல."

மறுபடி வைத்தாள். மறுபடியும் அப்படியே. நூற்று முப்பதில் வைத்தால் நூற்று முப்பத்து மூன்றின் நடுவில். நூற்று அறுபதில் வைத்தால் அடுத்த வரியின் வாலில். "மேப்பு பொய் சொல்லுது சார்" என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பொய் சொல்ற மேப்ப வச்சுக்கிட்டு ஒரு மனுசன உள்ள போடப் பாக்குறோம்."

ஹாஜியார் அன்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். "எம்புட்டு நேரம்மா? அவன்தான்னு தெரிஞ்சுபோச்சு. ஒரு தாளுல எழுதிக் குடுத்தாப் போதும்."

"செத்த இருங்க மாமு. எனக்கு இன்னும் தெரியல" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான்தான் கேட்டேன், "எல்லா வரியிலயும் தப்பா நிக்குதா?" என்று. எனக்கு எண்ணாமல் இருக்க முடியாது. பத்தாம் வரியில் வைக்கச் சொன்னேன். பத்தில் நின்றது. ஐம்பதில் நின்றது. தொண்ணூற்றேழில் வைத்தாள். தொண்ணூற்றேழிலேயே நின்றது.

அப்போது எனக்கு ஒரு ஜவுளிக்கடை ஞாபகம் வந்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு கடையில் அளவு டேப்பைச் சோதித்தேன். நாற்பது சென்டிமீட்டர் வரைக்கும் மிகச் சரி. அதற்கு மேல் எங்கே வைத்தாலும் ஒரே அளவு தப்பு. டேப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது தெரிந்தது, நாற்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில் வேறொரு டேப்பின் துண்டைச் செருகி ஒட்டியிருந்தார்கள். இதை அவளிடம் சொன்னேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். என்னை முழுதாகத் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அப்ப மேப்பு பொய் சொல்லல சார். மேப்பு எழுதுனதுக்கு அப்புறம் டேப்புல யாரோ ஒட்டுப் போட்டிருக்காங்க. ஒட்டு வரைக்கும் சரி. ஒட்டுக்கு அங்கிட்டு எல்லாமே தள்ளிப் போயிருச்சு."

65 என்ற எண்ணைத் திங்கட்கிழமையிலிருந்து ஆறு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த நொடியில் முதல்முறையாக அது எங்கேயோ கேட்ட எண்ணாகப் பட்டது. என் டைரி பையில் இருந்தது. பை என் நாற்காலிக்கு அடியில் இருந்தது. கை நீட்டினால் எட்டும் தூரம். எடுக்கவில்லை. மாத்திரை நேரம் என்று சொல்லி எழுந்து வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. அன்று டைரியைத் திறந்திருக்கலாம். திறக்காததற்குக் காரணம் எழுதினால் பொய்யாகிவிடும். எழுதவில்லை.

திங்கட்கிழமை அவள் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே வந்தாள். தொண்ணூற்றேழு சரி, நூற்றுப் பதினெட்டு தப்பு. நடுவில் நூற்றேழு, சரி. நூற்றுப் பன்னிரண்டு, தப்பு. நூற்றொன்பது, சரி. நூற்றுப் பத்து, தப்பு. ஒட்டு இருப்பது நூற்றொன்பதுக்கும் நூற்றுப் பத்துக்கும் நடுவில். லோடு எடையை எடுத்துச் சீட்டுக்கு அனுப்பும் இடம்.

செவ்வாய்க்கிழமை, ஆகஸ்ட் 22. பென் டிரைவில் இருந்த மூலத்தைப் புதிதாக அமுக்கவைத்தாள். வந்ததன் அளவைப் பார்த்து, நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

"ரெண்டு லட்சத்துப் பதினாலாயிரத்து அறுநூத்தி எட்டு."

முதல் நாள் குறித்ததில் கழித்தேன். இருபத்தேழு.

"இருபத்தேழு எழுத்து கூட இருக்கு" என்றேன்.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாள். அந்த இருபத்தேழும் மஞ்சள் நிறத்தில் தனியாகத் தெரிந்தன. எனக்குப் புரியாது என்று வாசித்துக் காட்டினாள். வண்டி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 71 என்றால், லோடு எடையில் 65 கழி. அவ்வளவுதான். மூலத்தில் எழுதவில்லை. அமுக்கி ஓடிக்கொண்டிருந்த வரியைத் திறந்து, நடுவில் செருகியிருந்தார்கள். எந்த மேப்பிலும் அதற்கு இடம் இல்லை.

"செபஸ்தியான் அண்ணனுக்கு இது தெரியாது. சர்வருக்குள்ள போற வழியே அவருட்ட இல்ல" என்றாள். பிறகு, "கடைசி ரெண்டு எண்ணு மட்டும்தான் பாக்குது சார். அப்ப கருப்பையா அண்ணன் வண்டி மட்டும் இல்ல. 71-ல முடியிற எல்லா வண்டியும்."

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை டக்கென்று ஓசை எழுப்பியது.

"இந்தக் கோப்ப கடைசியாத் தொட்டது மே மாசம் ஒம்போதாம் தேதி, மத்தியானம் ரெண்டு இருவத்தொன்னு" என்றாள். குரலை உயர்த்தவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. "நீங்கதான் டெய்லி எழுதுவீங்களே சார். அன்னைக்கு உங்க டைரியில என்ன இருக்கு?"

பையை எடுக்கக் குனிந்தபோது முட்டி வலித்தது. பக்கத்தைப் புரட்டினேன். என் கையெழுத்து, நீல மை. வாசித்தேன்.

"மே 9, செவ்வாய். மதியம் 2.10. ஆத்தூர் 4471. லோடு எடையின்போது கருப்பையாவின் மச்சான் கேபினில் இருந்தார். காலி எடையின்போது இல்லை. வியாபாரியின் ஆள் மச்சானையே பைக்கில் அழைத்து வந்து தகராறு. மச்சானை மேடையில் தனியே நிறுத்தி எடை போட்டேன், 65. பதிவான எடையைத் திருத்த வழி இல்லை. பொறியாளருக்கு போன் செய்தேன். பஸ்ஸில் இருந்தார். இந்த வண்டிக்கு 65 கழித்துச் சீட்டு வர வேண்டும், பத்து நிமிடத்தில் வர வேண்டும் என்றேன். வந்தது."

பக்கத்தில் சிவப்பு டிக். முடிந்த வேலைக்கு நான் போடும் டிக். முப்பத்து மூன்று வருடத்தில் சிவப்பு டிக் போட்ட வரியை நான் மறுபடி படித்ததில்லை.

பதிவான எடையை எவரும் திருத்தக் கூடாது என்று அந்தப் பூட்டைப் போடச் சொன்னவனும் நான்தான். என் நேர்மைக்கு நானே போட்ட பூட்டு. அதை நானே ஒரு போனில் உடைத்தேன். மூலம் கையில் இல்லாமல் பஸ்ஸில் இருந்தவர், கைக்கு எட்டிய இடத்தில், ஓடுகிற வரியிலேயே எழுதிவிட்டு, மறுநாள் எடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பார். அடுத்த வாரம் மஸ்கட் போய்விட்டார்.

"எழுதினது அவரு" என்றேன்.

"எழுதுனது அவரு சார். எழுதச் சொன்னது?"

"அவசரத்துல நடந்தது."

"அவசரங்கிறது தெரியிற இடம்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

டைரியை மூடிவிட்டு நான் கேட்டேன். இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது. "ஹாஜியாருகிட்ட மென்பொருள் கோளாறுன்னு சொன்னாப் போதாதா? செபஸ்தியான் மேல தப்பில்லன்னு ஆயிடுமே."

அவள் கணினியை மூடவில்லை. தாள் கட்டை ஒழுங்காக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டாள். "சொல்லலாம் சார். எல்லாரும் நம்புவாங்க. ஆனா செபஸ்தியான் அண்ணனப் பாத்து 'எவ்வளவு வாங்குன'ன்னு கேட்டது மேடையில வச்சு, இருவது பேரு முன்னாடி. கம்ப்யூட்டரு கோளாறுன்னு ஆபீசுக்குள்ள சொன்னா, அங்க கேட்டவுங்க காதுக்கு அது போகாது. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அது உங்க வேலை."

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். உட்கார்ந்து, கேபினில் ஆள் இருந்து இறங்கினால் அந்தச் சீட்டுக்கு மட்டும் கழிக்கவும், கழித்தது சீட்டிலேயே தெரியவும் மூலத்தில் முறையாக எழுதினாள். அமுக்கவைத்து ஏற்றினாள். பிறகு நூற்றுப் பதினெட்டாம் வரியில் நிறுத்தம் வைத்தாள்.

"பாருங்க சார். நூத்திப் பதினெட்டுலயே நிக்குது."

புதன்கிழமை, ஆகஸ்ட் 23, காலை ஒன்பது மணி. மேடையில் நான் ஏறி நின்றேன். சுற்றி இருந்தவர்கள் பதினேழு பேர். ஹாஜியார் காரிலிருந்து இறங்கியவர் இறங்கிய இடத்திலேயே நின்றார். கருப்பையாவை வரச் சொல்லியிருந்தேன். டைரியைத் திறந்து, மே 9-ஐ உரக்க வாசித்தேன். சிவப்பு டிக்கையும் சொன்னேன். 65 கிலோவைக் கழித்தது செபஸ்தியான் அல்ல, நான்தான் என்றேன்.

கருப்பையா வேட்டியை மடித்துக் கட்டினார். "அம்புட்டுக் கணக்கு எழுதுறவரு, எங்க கணக்க மட்டும் நூறு நாளு பாக்காம விட்டீகளே அதிகாரி" என்றார். நூறு நாள் அல்ல, திருத்திய செவ்வாய்க்கிழமையோடு சேர்த்து நூற்றாறு. அப்போது நான் அதைத் திருத்தவில்லை.

ஹாஜியார் செபஸ்தியானின் தோளில் கை வைத்தார். செபஸ்தியான் அந்தக் கையை மெதுவாக எடுத்து விட்டார்.

"ஞாயித்துக்கெழமை சர்ச்சுல பூசைக்குப் போயி கடைசி வரிசையில நின்னுட்டு வந்தேன் சார்" என்று என்னிடம் சொன்னார். "எப்பயும் முன்னால நிக்கிற ஆளு. ஏன் பின்னால நிக்கிறேன்னு ஒருத்தரும் கேக்கல. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு." அவ்வளவுதான் சொன்னார். நாற்காலியில் போய் உட்கார்ந்து அடுத்த வண்டியைக் கை காட்டி அழைத்தார். அடுத்த பன்னிரண்டு நாள் என்னிடம் எடையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

அவள் அன்று மேடைக்கு வரவே இல்லை. மறுநாள் போனில், "71-ல முடியிற வண்டி எத்தன சார்?" என்று மட்டும் கேட்டாள். மூன்று. கருப்பையாவின் மினி லாரி, சின்ன வெங்காயம் ஏற்றும் ஒரு வேன், முருங்கைக்காய் ஏற்றும் இன்னொரு வேன். மற்ற இருவருக்கும் தங்கள் எடை குறைந்ததே தெரியாது. நானே வீடு தேடிப் போய்ச் சொன்னேன். அதில் ஒருவர், "விட்டுத் தள்ளுங்க, தெரியாமப் போனது தெரியாமயே போகட்டும்" என்றார். ஒரு காலத்தில் நானும் அதை ஒப்புக்கொண்டிருப்பேன். இப்போது முடியவில்லை. அந்த மாற்றம் அவளால் வந்தது. அதற்காக அவள்மேல் எனக்கு அன்பும் உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு. அத்தா இறந்த பிறகு மறு வருடம் அவள் சென்னைக்கே திரும்பிப் போய்விட்டாள். இப்போதும் ஏதாவது ஒன்றில் குறை காணும்போது, கை வைக்கும் முன் என் காதில் அந்தக் கேள்வி வருகிறது. எழுதுன இடம் எங்க?

ஹாஜியார் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணத்தில் பாதியை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். மூன்று வண்டிகளும் வந்த நடை முப்பத்து நான்கு. மச்சான் உண்மையிலேயே கேபினில் இருந்த முதல் நடை போக முப்பத்து மூன்று. நடைக்கு 65 கிலோ வீதம் 2,145 கிலோ. அன்றன்றைய மார்க்கெட் விலையைத் தேதி வாரியாகப் போட்டு, தக்காளிக்குத் தக்காளி விலை, வெங்காயத்துக்கு வெங்காய விலை, முருங்கைக்கு முருங்கை விலை என்று பார்த்ததில் ரூபாய் 51,870. ஓய்வூதியக் கணக்கிலிருந்து எடுத்து, செப்டம்பர் 4-ஆம் தேதி மூவர் கையிலும் கொடுத்தேன். கருப்பையா எண்ணிப் பார்த்தார். நான் எண்ணிப் பார்க்கச் சொன்னேன்.

அன்று அவளும் ஏதோ வேலையாக அந்தப் பக்கம் வந்திருந்தாள். எதிர்க்கடையில் கருப்பையாவுக்கு, அவளுக்கு, எனக்கு என்று மூன்று டீ சொன்னேன். சொல்லிவிட்டு, மேடைப் பக்கம் பார்த்து நான்காவதையும் சொன்னேன். டீக்கடைக்காரர் கொண்டுபோய் ஜன்னலில் வைத்தார். செபஸ்தியான் கிளாஸைப் பார்த்தார். ஒரு வண்டிக்குச் சீட்டு அடித்துக் கொடுத்தார். இன்னொரு வண்டிக்கும் அடித்தார். பிறகு கிளாஸை எடுத்தார். ஆறிப்போயிருக்கும். குடித்தார்.

டீ ஒன்று பன்னிரண்டு ரூபாய், நான்குக்கு நாற்பத்தெட்டு. ஆக மொத்தம் எனக்கு ஆனது ரூபாய் 51,918.